பிளாட்பாரம் ஏறிய பெரிய மனிதர்கள்

1. ஆறாம் நம்பர் வண்டி பிடிபட்டது

ஆறாம் நம்பர் வண்டியின் ஹாண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு முனிசிபாலிட்டி ஓவர்சியர் எங்கள் வாடகை சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றபோது, நான் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால், துணியில் சுற்றிய பட்டுப்புடவைப் பொதியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்தபடி நெசவுக்கார ஏகாம்பர முதலியார். முதலியாருக்குப் பின்னால், காலிக் கூடையோடு பூக்காரி கன்னியம்மா. கன்னியம்மாவுக்குப் பின்னால், வேலைவெட்டி இல்லாத ராஜ வீதி முழுவதும்.

"இது உங்க கடை வண்டிதானே?" என்றார் ஓவர்சியர்.

எங்கள் முதலாளி நாயுடு குனிந்து மட்கார்டைப் பார்த்தார். "நம்பர் நம்மளுதுதான் சார். ஓட்டினது நாம இல்ல."

"பிளாட்பாரத்து மேல ஓட்டிக்கிட்டு வந்திருக்கார். ஜனங்க நடக்கறதுக்குன்னு போட்ட இடம் அது."

"ஓட்டிக்கினா வந்தாரு? பாய்ஞ்சுக்கினு வந்தாரு!" கன்னியம்மா கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். "நான் பாட்டுக்குப் பூ கட்டிக்கினு இருக்கறேன். கூடை மேல சக்கரம்! கோயிலுக்குக் கட்டி வச்ச கதம்பம் அத்தினியும் ரோட்டுப் பள்ளத்துத் தண்ணியில மெதக்குது."

"மணி அடிச்சேனேம்மா," என்றார் முதலியார், யாருக்கும் கேட்காத குரலில்.

"அடிச்சீங்க. கூடைக்கு காது இருக்குதா?"

கூட்டம் சிரித்தது. ஓவர்சியர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. ராஜ வீதியில் கால்வாயின் மேல் கருங்கல் பலகை போட்டு, கோயிலுக்கு வருகிற ஜனங்கள் மாட்டுக்கும் வண்டிக்கும் பயப்படாமல் நடக்கட்டும் என்று அந்தப் பிளாட்பாரத்தைப் போட்டவர் அவர்தான். ஒவ்வொரு பலகையையும் பக்கத்தில் நின்று, மட்டம் பார்த்துப் போட்டார். வெயிலில் குடையைக்கூட விரிக்காமல் அவர் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

"நாயுடு, நானும் கவனிச்சுக்கிட்டுதான் வரேன்," என்றார். "பள்ளிக்கூடத்துப் பசங்க ஒருத்தன்கூட மேல ஏறல. ஏறறது எல்லாம் பெரிய மனுஷங்க. கடுக்கன் போட்டவங்க, மூக்குக்கண்ணாடி போட்டவங்க. அதுல பாதி உங்க வாடகை வண்டி. இன்னொரு வாட்டி உங்க கடை நம்பர் பிளாட்பாரத்து மேல என் கண்ணுல பட்டுதுன்னா, உங்க லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி எழுதிடுவேன். இது வெறும் திமிர். திமிருக்கு அதுதான் மருந்து."

அவர் போனதும் நாயுடு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரேய், எஸ்.எஸ்.எல்.சி.! நீ படிச்சவன்தானே? பெரியவங்க ஏன் மேல ஏறறாங்கன்னு கண்டுபுடி. இல்லேன்னா நீயும் நானும் இந்த பம்பைத் தோள்ல மாட்டிக்கினு ஊர் ஊராப் போயி காத்து அடிக்க வேண்டியதுதான்."

2. என் பங்கு

எஸ்.எஸ்.எல்.சி. என்பது அந்தக் கடையில் என் பெயர். வீட்டில் வைத்த பெயர் வரதன். சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தகப்பனார் பள்ளிக்கூடத்து சம்ஸ்கிருத பண்டிதர். பரீட்சை தேறியதும் செங்கல்பட்டில் ஒரு குமாஸ்தா உத்தியோகத்துக்குச் சொல்லி வைத்திருந்தார். நானோ ஃப்ரீவீலின் கிர்ர் சத்தத்தைக் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடுகிற ஜாதி. நாயுடு கடையில் சேர்ந்துவிட்டேன் என்று நான் சொன்னதும் தகப்பனார் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு சக்கரத்து மேல உக்காந்து காலை ஆட்டறது ஒரு வித்தையாடா?"

"ஓட்டறதுக்கு இல்லேப்பா. ரிப்பேருக்கு."

"அது இன்னும் மோசம்."

கடைசியில் அம்மா நடுவில் புகுந்து ஓர் உடன்படிக்கை பண்ணினாள். ஒரு வருஷம் கெடு. அதற்குள் கடை நிலைத்தால் நான் கடையில் இருக்கலாம். கடை மூடினால் மறுநாளே செங்கல்பட்டு.

ஆகையால் ஓவர்சியர் நாயுடுவின் லைசென்ஸைப் பற்றிப் பேசியபோது என் காதில் விழுந்தது செங்கல்பட்டு ரயில் ஊதுகிற சத்தம்தான்.

3. விசாரணை

சாயங்காலம் வண்டிகளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"மாட்டுவண்டி பின்னாடி நீ ஓட்டியிருக்கியா?" என்றார் வக்கீல் குமாஸ்தா ஒருவர். "அது பொண்ணு அழைப்புக்குப் போற மாதிரி போவும். நானும் மெதுவாப் போனா சைக்கிள் ஆடுது. சைக்கிள் ஆடினா நான் விழறேன். நான் விழறதைக் கட்சிக்காரன் பாத்தான்னா அப்புறம் எங்க வக்கீல்கிட்ட வருவானா?"

நியாயமான பேச்சு. சைக்கிள் வேகத்தில்தான் நேராக நிற்கும். நடை வேகத்துக்கு இறங்கினால் பழகாத கைக்கு ஹாண்டில்பார் பாம்பாக நெளியும்.

ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை வேறு காரணம் சொன்னார். "மோட்டார் பஸ்காரன் முதுகுக்குப் பின்னாடி வந்து ஹாரனை அமுக்கறான் பாரு, அப்ப எனக்கு என் பேரே மறந்து பூடுது. மேல ஏறினாத்தான் திரும்ப ஞாபகம் வருது."

அரிசி மண்டிக்காரர் என்னையே குற்றம் சொன்னார். "உனக்காகத்தாம்பா ஏறறேன். ஜட்கா ஸ்டாண்டு எதிர்ல பூரா லாட ஆணி. ரோட்டுல போனா பஞ்சர். பஞ்சரோட வந்தா உங்க நாயுடு என்னை ஒரு பார்வை பாக்கறாரு. அந்தப் பார்வைக்கு பிளாட்பாரமே மேலு."

லாட ஆணி விஷயம் எனக்குத் தெரியும். டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பார்க்காமல் பேட்ச் ஒட்டினால், ஆணி உள்ளேயே இருந்து மறுபடி குத்தும். முதல் வாரத்தில் நாயுடு என் காதைத் திருகிக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது பையன்கள் ஏன் ஏறவில்லை என்பதும் புரிந்தது. பையன் விழுந்தால் முழங்காலைத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறான். பெரியவர் விழுந்தால் அவரோடு வேட்டி, மூக்குக்கண்ணாடி, ஊரில் இருக்கிற பெயர், சம்பந்தி வீட்டில் இருக்கிற மதிப்பு எல்லாம் சேர்ந்து விழுகின்றன. அவர் பிளாட்பாரத்தில் ஏறாமல் என்ன செய்வார்?

நாயுடுவிடம் பெருமையாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிரா. முதலியாரு? வண்டி இல்லாதப்ப, பஸ் இல்லாதப்ப, ரோடு காலியா கெடக்கறப்பகூட அவரு மேலதானே ஏறறாரு. அவருக்கு என்னா காரணம்?"

முதலியாரைக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். ஏய்க்கிற ஆள் இல்லை, உண்மையாகவே யோசித்தார்.

"தெரியல சாமி. கால் அதுவா போவுது."

4. வண்டியில் கோளாறு இல்லை

மெக்கானிக் புத்தி எங்கே போகும்? வண்டியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். ஆறாம் நம்பரைத் தலைகீழாக நிறுத்தினேன். ஃபோர்க் வளையவில்லை. அச்சில் கோன் இறுக்கம் சரி. ஹாண்டில் ஹெட்டில் பால்ஸ் குண்டுகள் எல்லாம் முழுசு. முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியைப் பிடித்தேன். எங்கும் உரசவில்லை. ராஜா மாதிரி சுற்றியது.

மறுநாள் பொழுது புலரும்போதே முதலியாரை ராஜ வீதிக்கு வரவழைத்தேன். ஒரு வண்டி இல்லை. ஒரு மாடு இல்லை.

"நடுவுல ஓட்டுங்க முதலியாரே. நேரா."

ஏறினார். நன்றாகத்தான் மிதித்தார். கொஞ்ச தூரம் நடுவிலேயே போனது வண்டி. பிறகு யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி மெல்ல இடதுபக்கம் சாய்ந்து, ஓரத்துக்குப் போய், டொக் என்று பிளாட்பாரத்தில் ஏறிவிட்டது.

ஓடிப்போய்ப் பிடித்தேன். "ஏன் முதலியாரே? நடுவுல ஒண்ணுமே இல்லியே!"

"இல்ல. அது தெரியுது சாமி. ஆனா நடுவுல போனா எதையோ மிதிச்சுடப் போறேன்னு ஒடம்பே கூசுது."

"நீங்க எங்க ஓட்டக் கத்துண்டேள்?" பதற்றத்தில் எனக்கு வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"எங்க தெருவுலதான். பிள்ளையார்பாளையத்துல. காத்தால ஒழிஞ்ச நேரத்துல கத்துக்கினேன்."

"வாங்க, போய்ப் பாப்போம்."

5. பிள்ளையார்பாளையத்து நடு

சின்னக் காஞ்சியில் தெருவின் நடு என்றால் பெருமாள் வாகனத்தில் எழுந்தருளுகிற இடம். மற்ற நாளில் அது எங்களுடையது. ஓடிப் பிடித்ததும், சைக்கிள் கற்றதும், பட்டம் விட்டதும் நடுத்தெருவில்தான். ஓரத்தில் போகிறவன் பயந்தாங்கொள்ளி. இதே ஊரில் பிறந்தும், காலை வேளையில் நெசவாளர் தெருவுக்குள் நான் போனதில்லை. போகிற காரியம் இருந்ததில்லை.

நானும் ஒரு கடை வண்டியை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் நடுவிலேயே வேகமாக மிதித்துத் திருப்பத்தில் திரும்பினேன்.

"ஓரம்! ஓரம்! ஏய், ஓரம்!"

தெருவே கத்தியது. இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்து நின்றேன். என் முன் சக்கரத்துக்கு ஒரு முழத்தில் அரக்கு நிறத்தில் பட்டுப் பாவு ஒன்று ஆரம்பித்திருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நெடுக்கு இழைகளைச் சிக்கெடுத்து, கஞ்சி தோய்த்து, காயவைக்க வேண்டும். வீட்டுக்குள் அதற்கு ஏது இடம்? ஆகவே தெருவின் நடுவில் மூங்கில் கவைகளை ஊன்றி, தெருவின் கடைசிவரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெயில் பட்டு அது செம்மண் ஆறு மாதிரி மின்னியது. இரண்டு பேர் குனிந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள்.

"இதுக்குள்ள பூந்திருந்தேன்னா?" என்று கேட்டேன்.

"இழை இழையா முடியணும் சாமி," என்றார் முதலியார். "அது சீர்ப்படற வரைக்கும் அந்த ஊட்டுல யாரும் யாரோடயும் பேச மாட்டாங்க."

பாவுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. தெருவின் போக்குவரத்து எல்லாம் அதில்தான். மோர்க்காரி அதில் போனாள். சிலேட்டோடு ஒரு குழந்தை அதில் போயிற்று. ஓர் ஆடுகூட, நம்பினால் நம்புங்கள், சுவரை உரசிக்கொண்டு அதில்தான் போயிற்று. முதலியார் சைக்கிளில் ஏறினார். ராஜ வீதியில் பூக்கூடையைக் கவிழ்த்த மனிதர், இங்கே முழங்கையை உள்ளே இழுத்து, சுவருக்கும் பட்டுக்கும் இடையில் ஒன்றிலும் படாமல் தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். வாசலில் பாத்திரம் துலக்கிய அம்மாள் தலை நிமிராமலே காலை மடக்கி வழிவிட்டாள்.

இந்தத் தெருவில் நடு என்பது நூலுக்கு. ஓரம் மனிதனுக்கு. அதில் பிறந்து வளர்ந்து, அதிலேயே சைக்கிளும் கற்ற கால், ராஜ வீதிக்கு வந்ததும் மாறிவிடுமா? அங்கே ஓரத்தில் மாட்டுவண்டிச் சக்கரம் அறுத்த பள்ளம். அதற்கு அடுத்த ஓரம் பிளாட்பாரம்.

6. ஓவர்சியர் சவாரி

கண்டுபிடிப்பை யாரிடம் சொல்லலாம் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தபோதே, பிற்பகலில் முதலியார் முகூர்த்தப் புடவையோடு மறுபடி பிளாட்பாரத்தில் ஏறினார். ஓவர்சியர் கண்ணிலேயே பட்டார்.

இந்தத் தடவை ஊர்வலம் இல்லை. ஓவர்சியர் தனியாக வந்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"நாயுடு, எழுதப் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

நாயுடு ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் குறுக்கே விழுந்தேன். "சார், அது திமிர் இல்ல சார். பழக்கம்."

"திமிர் பிடிச்சவன் எல்லாம் அதுக்குப் பழக்கம்னுதாண்டா பேர் வைப்பான்."

"சார் நடு ரோட்டுல நல்லா ஓட்டுவீங்களா?"

நாயுடு என் தொடையைக் கிள்ளினார். ஓவர்சியர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நான் பட்டணத்துல டிராமுக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஓட்டினவன்."

"அப்போ ஒண்ணே ஒண்ணு சார். நாளைக் காலையில முதலியார் தெரு வரைக்கும் எங்களோட ஓட்டிக்கிட்டு வாங்க. அங்கயும் நடுவுலயே போய்க் காட்டுங்க. திரும்பி வந்து எழுதுங்க. நான் குறுக்க பேச மாட்டேன்."

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "வரேன். எழுதறது மட்டும் நிக்காது."

வந்தார். சொந்த வண்டி, கால்சட்டையில் கிளிப், தலையில் தொப்பி. முதுகு அளவுகோல் மாதிரி. ராஜ வீதியின் நடுவில் அவர் போன அழகைச் சொல்லத்தான் வேண்டும். தொப்பியைக் கண்டு கட்டைவண்டிகளே ஒதுங்கின. திரும்பி என்னைப் பார்த்து, "பாத்தியா? இவ்வளவுதான் விஷயம்," என்றார்.

பிள்ளையார்பாளையத்துத் திருப்பம் வந்தது. அன்றைக்கு மயில்கழுத்து நிறப் பாவு.

"ஓரம்! ஓரம்! ஐயா, ஓரம்!"

அவர் கை யோசிக்கவில்லை. ஹாண்டில் திரும்பியது. வண்டி ஓரத்துச் சந்தில் நுழைந்தது. தோள் சுவரில் உரசியது. தாழ்ந்த கூரை ஓட்டின் விளிம்பு தொப்பியைத் தட்டியது. அது உருண்டுபோய்ப் பாவுக்கு அடியில் விழுந்தது. இறங்கலாம் என்றால் கால் ஊன்ற இடம் இல்லை. திரும்பலாம் என்றால் பின்னால் நான், எனக்குப் பின்னால் முதலியார், அவருக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண்.

"யாருப்பா இது புது ஆளு?"

"முனிசிபாலிட்டிக்காரருப்பா."

"நல்லாத்தான் ஓட்டறாரு. முழங்கையை மட்டும் உள்ள இழுத்துக்கச் சொல்லு."

"ஐயா, மூச்சை இழுத்துப் புடிச்சுக்கினு போங்க! பாவு ஆடுது!"

அந்தத் தெரு முடிந்து அடுத்த தெரு. அதிலும் பாவு. அதற்கு அடுத்ததிலும். எல்லாம் கடந்து வெளியே வந்தபோது ஓவர்சியரின் சட்டை கஞ்சி தோய்த்த மாதிரி நனைந்திருந்தது. ஒரு சிறுமி தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். எழுதுவாரா, மாட்டாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் காதில் செங்கல்பட்டு ரயில் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தோம். ராஜ வீதி விசாலமாக இருந்தது. அவர் முன்னால், நடுவில், முதுகு நேராக. நான் நம்பிக்கை இழந்து பின்னால். ஜட்கா ஸ்டாண்டைத் தாண்டும்போது மோட்டார் பஸ் ஒன்று வந்து ஹாரனை அமுக்கியது.

என் கண்ணால் பார்த்தேன். அவசரமே இல்லாமல், யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி, ஓவர்சியரின் சைக்கிள் இடதுபக்கம் சாய்ந்தது. ஓரத்துக்குப் போனது. டொக். அவரே மட்டம் பார்த்துப் போட்ட கருங்கல் பலகையின் மேல் ஏறியது.

கன்னியம்மா கூடையை மடிக்குத் தூக்கிக்கொண்டாள். சக்கரம் அவள் முந்தானையை உரசி நின்றது. அவள் நிமிர்ந்து, தொப்பியைப் பார்த்து, முகத்தைப் பார்த்தாள்.

"அட, ஓவர்சியரய்யாவா! முதலியாராவது மணி அடிச்சாருய்யா!"

ஓவர்சியர் ஒரு காலை ஊன்றி நின்றார். பலகையைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வரதன்," என்றார். அதுவரை அவர் வாயில் நான் 'டேய்'தான். "நான் ஏறணும்னு நினைக்கவே இல்ல."

"தெரியும் சார்," என்றேன். முதலியார் பின்னாலிருந்து, மிகவும் அனுதாபத்தோடு சொன்னார்: "கால் அதுவா போவுது, இல்லீங்க?"

அப்போதுதான் ஓவர்சியர் சிரித்தார். முதலில் கொஞ்சமாக, பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு.

7. ஓவர்சியர் ஓரம்

அவர் எழுதத்தான் எழுதினார். லைசென்ஸைப் பற்றி அல்ல. பிளாட்பாரத்துக்குக் கீழே வண்டிச் சக்கரம் அறுத்துக் கிடந்த ரோட்டு ஓரத்தைச் சரளை கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து மட்டப்படுத்தி, கட்டைவண்டி ஏறாதபடி சுண்ணாம்பு அடித்த கற்களை நட வேண்டும் என்று எழுதினார். அது நடக்கும்வரை எங்கள் வாடிக்கைக்காரர்கள் அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற பொறுப்பு நாயுடுவுக்கு. நாயுடு கடை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மிரட்டி அனுப்பினார். வக்கீல் குமாஸ்தாவே இறங்கித் தள்ளினார்.

ஓரம் தயாரானதும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கடுக்கன்களும் மூக்குக்கண்ணாடிகளும் தாமாகவே பிளாட்பாரத்தை விட்டு அதில் இறங்கின. முதலியார் இப்போது பூக்கூடைக்கு ஒரு கஜம் தள்ளிப் போகிறார். ஆனாலும் மணி அடிக்கிறார். "அடிங்க, அடிங்க, கூடைக்குக் கேக்குது," என்கிறாள் கன்னியம்மா. ஊர் அதற்கு ஓவர்சியர் ஓரம் என்று பெயர் வைத்துவிட்டது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை என்று நினைக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று ஒருவர் வந்தால், கோனைப் பாருங்கள், ஃபோர்க்கைப் பாருங்கள், ரிம்மைச் சுற்றிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், எந்தத் தெருவில் ஓட்டக் கற்றீர்கள் என்று அவரைக் கேளுங்கள். பிறகு அந்தத் தெருவுக்குப் போய் ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ரிப்பேர் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

வருஷக் கெடு முடிந்த அன்று, செங்கல்பட்டுப் பேச்சு வரும் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு வீட்டுக்குப் போனேன். தகப்பனார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, அந்த ஓவர்சியர் ஓரம்னு சொல்றாளே. விடியற நேரத்துல அங்கே ஜனம் இருக்குமோ?"

"இருக்காது. ஏம்பா?"

அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு ஒரு வண்டி கொண்டு வா. உயரம் குறைச்சலா இருக்கட்டும். நான் விழறதை என் பள்ளிக்கூடத்துப் பசங்க பார்க்கப்படாது."